செல்லசாமி பாஸ் தண்ணீர் ஊற்றிய முற்றம்

சிமெந்து என்றால் தண்ணீர் குடிக்க வேண்டும். செல்லசாமி பாஸுக்கு வேதம், சாஸ்திரம் எல்லாம் இந்த ஒரு வரிதான். தூண் எழுப்பட்டும், தொட்டி கட்டட்டும், மறுநாள் விடியும்போது வாளியும் கையுமாக வந்து நிற்பார். நனைத்த படங்குச் சாக்கை மேலே போர்த்தி, ஏழு நாள் காயவிடாமல் பார்த்துக்கொள்வார். காய்ச்சலில் கிடந்த வாரத்தில்கூட பஸ் ஏறிப் போய், யாரோ ஒருவருடைய கக்கூஸ் சுவருக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து படுத்த மனிதர். மனைவி மீனம்மா இதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். பிள்ளை பிறந்தபோது இவ்வளவு ஓடினீர்களா என்று அவள் கேட்டால் வாளியைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுவார்.

மலைநாட்டில் கல்லும் கரண்டியும் பிடித்துக் கைதேர்ந்தவரை பாஸ் என்பார்கள். முதலாளி என்று அர்த்தமில்லை. சிங்களத்திலிருந்து வந்து நம்மோடு ஒட்டிக்கொண்ட பேர் அது, தொழில் தெரிந்தவர் என்று பொருள். சும்மா சுவர் பூசுகிறவனுக்கெல்லாம் அது கிடைக்காது. செல்லசாமிக்கே முப்பத்தைந்து வயதில்தான் கிடைத்தது. வேறு யாரையாவது அவர் காதுபட அப்படிக் கூப்பிட்டால், கசாயம் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்தாறாம் வயதில் ஒரு பெண்ணின் கீழே வேலைக்குப் போகவேண்டி வந்தது. அவள் பேர் கிருஷாந்தி. இருபத்தொன்பது வயது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். ஆறு வருஷம் தேயிலை பெக்டரியின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலை செய்தவள். பிறகு ஹட்டனில் ஒரு வகுப்பில் சேர்ந்து தரைக்குக் கல் பதிக்கப் படித்துக்கொண்டு, ஆள் வைத்துச் சொந்தமாகக் கொந்தராப்பு, அதாவது கான்ட்ராக்ட், எடுக்கத் தொடங்கிவிட்டாள். அவள் வேலை பார்த்த அதே பெக்டரியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தேநீர் ருசி பார்க்க ஒரு கூடம் கட்டினார்கள். அதன் முன்னால் இருக்கும் சரிவான முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அவளுக்கு அதுதான் முதல் பெரிய வேலை.

அந்தச் சரிவில் கல் நிற்க வேண்டுமானால் செல்லசாமி பாஸின் கைதான் வேண்டும் என்று அவளே அவர் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்து கூப்பிட்டாள். அவரும் போனார். பதினோரு நாளில் பதித்து முடித்தார். ஒரு கோலிக்குண்டை மேலே வைத்தால் நேர்கோடு பிடித்தமாதிரி ஓரத்து வடிகால் கானுக்கு உருண்டு போகும், அப்படியொரு மட்டம். அதற்காகக் கிருஷாந்தியை அவர் கொந்தராப்புக்காரி என்றெல்லாம் ஒப்புக்கொண்டுவிடவில்லை. அவர் வாயில் அவள் 'அந்தப் புள்ள'தான். அவளோ முதல் நாளிலிருந்தே அவரை வாய் நிறைய பாஸ் என்றுதான் கூப்பிட்டாள்.

சண்டை வந்தது கல்லில் அல்ல, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையாத சந்தில். சாதாரண மணலை நிரப்பினால் ஆடி மழை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு கானில் போட்டுவிடும். பிறகு புல் முளைக்கும், எறும்பு புற்று வைக்கும், புல்லோடு அட்டையும் வரும், கல் ஆடும். செல்லசாமி பாஸ் சிமெந்துக் கலவையை நிரப்பச் சொன்னார். சிமெந்து இறுகிப்போனால் மண் கொஞ்சம் அசைந்தாலும் வெடிக்கும், அப்புறம் ஒரு கல்லைக்கூட உடைக்காமல் எடுக்க முடியாது என்றாள் அவள். ஹட்டனில் ஹசன் நானாவின் ஹாட்வெயார் கடை வழியாகக் கொழும்பிலிருந்து பொலிமர் மணல் வரவழைத்தாள்.

மாவு மாதிரி நைசான மணல், உள்ளே பசைத்தூள் கலந்தது. காய்ந்த கல்லில் காய்ந்தபடியே கூட்டிக் கூட்டிச் சந்துக்குள் இறக்க வேண்டும். மெஷின் வைத்துத் தட்டி அமுக்க வேண்டும். மேலே ஒரு பொட்டுத் தூள் இல்லாமல் பெருக்க வேண்டும். பிறகு பனி விழுவது போல் மூன்று தடவை தண்ணீர் தெளித்தால் பசை விழித்துக்கொண்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் ஒரு முழு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. இதெல்லாம் பையில் எழுதியிருப்பதுதான். ஆனால் கிருஷாந்தி பையை நம்பி வேலையில் இறங்கவில்லை. தன் லயத்துக் காம்பரா வாசலில் ஆறடிக்கு ஆறடி கல் பதித்து முதலில் செய்து பார்த்தாள். ஒரு தடவை கல்லில் பனி ஈரம் இருந்து கெட்டது. ஒரு தடவை தண்ணீர் கூடிப்போய்க் கெட்டது. ஒரு தடவை பெருக்காமல் விட்ட தூள் வெள்ளையாகப் படிந்து கெட்டது. நாலாவது தடவை கம்பியால் குத்தினாலும் அசையவில்லை.

மணலுக்குப் பத்தியமா என்று சிரித்தார் செல்லசாமி பாஸ்.

மாசி மாதம், புதன்கிழமை, நல்ல வெயில். அவள் காலையிலேயே தொடங்கி மத்தியானத்துக்குள் எல்லாம் முடித்தாள். நாலு கம்பு நட்டு மேலே தார்ப்பாய் கட்டினாள். நாளைக்கு இதே நேரம்வரை யாரும் தண்ணீர் கொண்டு வரவேண்டாம் என்று எல்லாரிடமும் சொன்னாள், அவரிடம் இரண்டு தடவை சொன்னாள். அவரும் தலையாட்டினார். தலைதான் ஆடியது. அன்று ராத்திரி முழுக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. பதினோரு நாள் முழங்கால் தேயப் பதித்த கல், நாலு கைத் தண்ணீருக்கு வழியில்லாமல் கிடக்கிறதே, நாளைக்கு வெயில் ஏறினால் சந்தெல்லாம் வெடித்துப் போகுமே, பாவம் அந்தப் புள்ள பேரும் கெட்டுப்போகுமே என்றெல்லாம் நினைத்துக்கொண்டார். மனிதர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தால் விடியுமுன்னே முற்றம்வரை அவ்வளவு தூரம் நடந்திருக்கமாட்டார்.

வியாழக்கிழமை விடிகிற நேரம், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் சேருமுன்னே, அவர் தார்ப்பாயை ஒதுக்கிவிட்டு பதினாலு வாளித் தண்ணீர் ஊற்றினார். படங்குச் சாக்குகளை நனைத்து விரித்தார். ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் குந்தியிருந்துவிட்டு, சாக்கையெல்லாம் சுருட்டி மறைத்து வைத்தார். நல்லபடி இறுகட்டும், பெருமை அவளுக்கே போகட்டும் என்று தாராளமாக நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது முற்றம் வெள்ளையாக இருந்தது. யாரோ பால் குண்டானைக் கவிழ்த்துவிட்ட மாதிரி கல்லெல்லாம் பூத்துப்போயிருந்தது. சந்தில் இருந்த மணல் கூழாகிக் கிடந்தது. கிருஷாந்தி அதன் நடுவில் முழங்காலிட்டு, ஒரு கல்லின்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். இவரை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி கல்லைப் பார்த்தாள்.

எட்டரை மணிக்குக் கூடத்தின் மனேஜர் தர்ஷன் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் தலைக்குமேலே சனிக்கிழமை பதினொரு மணி தொங்கிக்கொண்டிருந்தது. முதல் விருந்தாளிகள் அப்போதுதான் வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் காலில் இந்தக் கூழை மிதிக்க வைக்கப்போகிறாயா என்று சத்தம் போட்டார். இந்த மணல் சூட்டு ஊருக்கு ஆகும், நம்முடைய பனிக்கு ஆகாது என்று தானாகவே ஒரு தீர்ப்பும் சொன்னார். பாஸ் முதலிலேயே சிமெந்து என்று சொன்னாரே, அனுபவம் அனுபவம்தான் என்றார். பிறகு செல்லசாமி பக்கம் திரும்பி, இன்றைக்கே சிமெந்து போடத் தொடங்குங்கள், அடுத்து பங்களாவுக்குப் போகிற பாதையையும் நீங்களே எடுத்துச் செய்யுங்கள் என்றார். அந்தப் பாதை கிருஷாந்திக்கென்று பேசிவைத்திருந்த வேலை.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பால் நழுவி வாயிலேயே விழுந்துவிட்டது. செல்லசாமி பாஸ் சும்மா நின்றால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

"என் பொறுப்புல நடந்தது சார், என் தப்புதான்," என்றாள் கிருஷாந்தி. குரல் உடையவில்லை. "சனிக்கிழம வரைக்கும் டைம் இருக்கு. நான் சரிபண்ணித் தர்றேன்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றுகொண்டிருந்தார் செல்லசாமி பாஸ். முப்பது வருஷத்தில் அவர் கட்டிய சுவரிலும் வெடிப்பு வந்ததுண்டு. அப்போதெல்லாம் ஆற்று மணலில் மண் கலந்திருந்தது, சிமெந்து பழசு, கையாள் சோம்பேறி என்று ஏதாவது ஒன்று அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. என் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. செய்யாத தப்புக்கு இந்தப் பெண் அந்த வார்த்தையைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லிவிட்டு நிற்கிறாள். அவருக்குக் காது மடல் சுட்டது. வெட்கம் என்றால் வெட்கம், அப்படியொரு வெட்கம்.

"தொர," என்றார். "தண்ணி ஊத்துனது நாந்தான். பதினாலு வாளி. படங்கும் போட்டேன். ஊத்த வேணாம்னு அந்தப் புள்ள ரெண்டு வாட்டி சொல்லிச்சு. நாந்தான் கேக்கல."

தர்ஷனுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. கத்துவது என்று முடிவுசெய்து, அப்படியானால் நீங்கள் இனி இந்த முற்றத்தில் கால் வைக்கவேண்டாம் என்றார். அதற்குக் கிருஷாந்தி ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டுப்போன மணலைச் சந்திலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும், கல்லின் ஓரம் ஒரு துணுக்கு பேராமல் அதைச் செய்ய இந்தப் பள்ளத்தாக்கில் வேறு கை இல்லை, பாஸ் இல்லாமல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். தர்ஷன் கையை விரித்துவிட்டுப் போனார். சனிக்கிழமை சரியாக இல்லையென்றால் பாதையும் இல்லை, பாக்கியும் இல்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதற்குமேல் அந்த முற்றத்தில் நடந்தது வேலை. பார்க்கக் கண் கோடி வேண்டும்.

கன்டீனில் இருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வந்தது. இந்த வெள்ளைப் பூப்பு பச்சைத் தண்ணீருக்கு அசையாது, வெந்நீருக்கு இளகும் என்று அவள் தன் வாசலில் மூன்றாந்தடவை கெட்டபோது கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவள் ஊற்றித் தேய்க்க, அவர் பின்னாலேயே ஒரு வளைந்த கம்பியைத் தட்டையாக அடித்து வைத்துக்கொண்டு சந்து சந்தாகச் சுரண்டிக்கொண்டு வந்தார். இரண்டு விரல் ஆழம், அதற்குமேல் இல்லை. மத்தியானத்துக்குள் ஒரு கல்லின் வாய்கூடப் பேரவில்லை.

ஒரு மூலையில் அவர் கை நின்றுபோனது. இன்னும் வெந்நீர் படாத கல் அது. அதன் வெள்ளைப் பூப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாக, படங்குச் சாக்கின் நெசவு அப்படியே அச்சுக் குத்தினமாதிரி பதிந்திருந்தது. பக்கத்துக் கல்லிலும் அப்படித்தான். காலையில் அவள் விரல் வைத்துத் தடவிய கல்லும் இதுதான்.

"ஒனக்குக் காலையிலயே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் பாஸ்."

"அப்ப ஏன் தொரகிட்ட சொல்லல?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நான் சொல்லியிருந்தா நீங்க நாளைக்கு வேலைக்கு வந்திருக்க மாட்டீங்க. நீங்களே சொன்னதால வருவீங்க."

செல்லசாமி பாஸ் குனிந்து சுரண்டத் தொடங்கினார்.

சுரண்டி முடிந்தது. இனிமேல்தான் பெரிய கண்டம். முற்றம் முழுக்க ஈரம். மறுநாள் காலைக்குள் சந்தின் அடிவரை காய்ந்தாக வேண்டும். மூன்று மணிக்கெல்லாம் மலையிலிருந்து பனி இறங்கிவிட்டது. இந்தப் பனியில் துவைத்துப் போட்ட கைக்குட்டையே இரண்டு நாள் எடுக்கும், கல் எங்கே காய்வது என்று அவர் நினைத்தார். அன்றைக்கு அவர் நிறைய விஷயங்களைச் சொல்லாமல் விட்டார்.

கிருஷாந்தி பெக்டரிக்குள் போனாள். பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் அவளுக்குப் பழைய பழக்கம். கொழுந்து வாட்டும் தொட்டிக்குப் போடும் பெரிய காற்றாடி ஒன்று சும்மா கிடந்ததை இரவல் கேட்டு நாலு ஆளோடு உருட்டிக்கொண்டு வந்தாள். முற்றத்தை ஒட்டியிருந்த, தேயிலை காய வைக்கும் அடுப்பறை வாசலில் அதை நிறுத்தினாள். கம்புகளைப் பிடுங்கிவிட்டு, தார்ப்பாயைத் தரையோடு தரையாக விரித்து மூன்று பக்கமும் கல் வைத்து அமுக்கினாள். நாலாவது பக்கத்தில் காற்றாடியின் வாயைக் கட்டினாள். கானின் பக்கம் மட்டும் ஒரு கை அகலம் திறந்து விட்டாள். சுவிட்சைப் போட்டதும் அடுப்பறையின் வெதுவெதுப்பான காற்று உள்ளே ஓடி, தார்ப்பாய் வயிறு மாதிரி உப்பி எழுந்தது.

"கொழுந்த வாட்டுறது சூடு இல்ல பாஸ், காத்து," என்றாள். "கீழ இருந்து காத்து ஓடிக்கிட்டே இருந்தா ஈரம் நிக்க எடமில்லாம போயிரும். ஆறு வருஷம் எலய வாட்டுனேன். இன்னைக்கு கல்ல வாட்டுறேன்."

அவர் அந்த உப்பிய தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தாறு வயது வரைக்கும் அவர் எதையும் நனைத்துத்தான் பிழைத்திருக்கிறார். காய வைப்பதும் ஒரு தொழில், அதிலும் இப்படியொரு கைத்திறன் இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு சுவருக்குள்ளே ஆறு வருஷம் நின்று கற்றதை இந்தப் புள்ள தூக்கிக்கொண்டு வந்து வெட்ட வெளியில் விரித்துவிட்டாளே என்று ஆச்சரியப்பட்டார். மீனம்மாவிடம் அன்று சோறு தின்னும்போது இதைத் தவிர வேறு பேச்சில்லை.

வெள்ளி காலை ஏழு மணிக்குத் தார்ப்பாயைத் தூக்கினார்கள். கல் வெளுத்துக் காய்ந்திருந்தது. கிருஷாந்தி அதை நம்பவில்லை. எட்டுப் பத்து இடத்தில் சந்தின் அடியிலிருந்து மணலை நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து பார்த்தாள். பதமாக வாடிய கொழுந்தைப் பிடித்தால் உருண்டையாக நிற்கும், மணல் அப்படி நின்றால் ஈரம் என்று அர்த்தம். எல்லா இடத்திலும் மணல் விரலிடுக்கில் பொலபொலவென்று ஒழுகியது. ஒரே ஒரு மூலையில் மட்டும் கட்டி பிடித்தது. அந்த மூலைக்காக இன்னொரு முக்கால் மணி நேரம் காற்றாடியை ஓடவிட்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது, எல்லாரும் பதறினார்கள், அவள் பதறவில்லை.

ஹசன் நானா முதல்நாள் சாயந்தர பஸ்ஸிலேயே புது மணல் பைகளை ஏற்றி அனுப்பியிருந்தார். கூட்டினார்கள், தட்டினார்கள், மறுபடி கூட்டினார்கள். கடைசியாக மெதுவான தும்புத்தடியால் அவள் ஒவ்வொரு கல்லாகப் பெருக்கினாள். பெருக்கிவிட்டுக் கன்னத்தைத் தரையோடு வைத்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தாள். எங்காவது தூள் மினுங்கினால் எழுந்து போய் மறுபடி பெருக்கினாள். ஒரு வேலையை அவ்வளவு மரியாதையாகச் செய்ய செல்லசாமி பாஸ் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறார், அது அவரே என்று இதுவரை நினைத்திருந்தார்.

தெளிக்கிற நேரம் வந்தது. மருந்து அடிப்பதற்கு முதுகில் மாட்டுவார்களே, அந்த டாங்கி. மருந்து வாடையே படாத புதுசாக வாங்கி வைத்திருந்தாள். தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தவள் அதைத் தன் முதுகில் மாட்டவில்லை. நேராகச் செல்லசாமி பாஸிடம் வந்து நீட்டினாள்.

"தண்ணி நீங்க காட்டுங்க பாஸ். கீழ இருந்து மேல. மூணு வாட்டி, நடுவுல கால் மணி நேரம் விட்டு. தேங்குற மாதிரி தெரிஞ்சா நிப்பாட்டிருங்க."

அவர் கையை நீட்டவில்லை. "வேணாம்மா. என் கையில வேணாம்."

"தண்ணி எங்க நிக்கும் எங்க ஓடும்னு இந்தத் தரையில ஒங்களுக்குத்தான் தெரியும். மட்டம் வச்சது நீங்க," என்றாள். வாரை அவர் தோளில் மாட்டிவிட்டாள். பிறகு அவள் செய்ததுதான் பெரிய காரியம். அவர் பக்கத்தில் நிற்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கன்டீனுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாள்.

கீழே கான் ஓரத்துக் கல்லிலிருந்து தொடங்கினார். மார்கழிப் பனி மாதிரி மெல்லிசாக விழுந்தது தண்ணீர். கல் கறுத்தது, சந்து கறுத்தது, ஒரு சொட்டும் ஓடவில்லை. மூன்றாவது தடவை முடியும்போது மணி பத்தே முக்கால். அவர் டாங்கியை இறக்கி வைத்து, தன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

சனிக்கிழமை விடிகிறபோது, பெக்டரி வாசலைக் கூட்டும் காளியாயி வழக்கம்போல் வாளி நிறையத் தண்ணீரும் கோலமாவுமாக வந்தாள். பெரிய மனிதர்கள் வருகிற நாள், புது முற்றத்தில் நன்றாகத் தெளித்துப் பெரிய கோலமாகப் போடவேண்டும் என்று அவளுக்கு ஆசை. மறுபடி கம்பு நட்டுக் கட்டியிருந்த தார்ப்பாய்க்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு உருவம் போர்வையோடு உட்கார்ந்திருந்தது. கிட்டப் போனால் செல்லசாமி பாஸ்.

"தண்ணிய அங்கயே வையி," என்றார். "பத்தே முக்கால் வரைக்கும் ஒரு சொட்டு விழக்கூடாது."

காளியாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரெல்லாம் தண்ணீர் ஊற்றித் திரிந்த மனிதர் தண்ணீருக்குக் காவல் இருக்கிறாரே என்று கேட்டாள். நாள் கிழமைக்கு வாசல் தெளிக்காமல் விட்டால் நன்றாகவா இருக்கும், இதெல்லாம் யார் போட்ட சட்டம், அந்தப் புள்ளையா என்று விடாமல் கேட்டாள்.

செல்லசாமி போர்வையை விலக்கிவிட்டு எழுந்து நின்றார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, சந்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திக் காட்டினார். நகம் இறங்கவில்லை.

"அந்தப் புள்ளன்னு சொல்லாத," என்றார். "கிருஷாந்தி பாஸ் சொல்லியிருக்காங்க."